டிப்ளோமா முடித்துப் பல்கலைக்கழகம் போகிறீர்களா? முதல் பருவத்தில் கவனம் தேவை



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் நம் சமுதாயத்தில் வழிகாட்டிக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் கல்விக் கண்காட்சிகள் நடக்கின்றன. ஆனால் டிப்ளோமா முடித்துவிட்டுப் பல்கலைக்கழக வாசலில் நிற்கும் பிள்ளைக்கு வழிகாட்ட ஆள் குறைவு. "அவன்தான் மூன்று வருடம் காலேஜில் இருந்தவனாயிற்றே, அவனுக்குத் தெரியாததா?" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளைகளைப் பற்றியதே இந்த வாரக் கலந்துரையாடல்.

போலிடெக்னிக்கிலோ தனியார் கல்லூரியிலோ டிப்ளோமா முடித்தவர்கள், அங்கே படித்த சில பாடங்களைக் கணக்கில் காட்டி இளங்கலைப் பட்டப் படிப்பில் சேரலாம். இதையே கிரெடிட் மாற்றம் என்றும் பாட விலக்கு என்றும் சொல்கிறார்கள். ஏட்டில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். படித்ததையே மறுபடியும் படிக்க வேண்டாம், காலமும் பணமும் மிச்சம். ஆனால் எத்தனையோ குடும்பங்கள் போட்ட கணக்கு ஒன்றாகவும், நடந்தது வேறொன்றாகவும் போய்விடுகிறது. இரண்டு ஆண்டில் முடியும் என்று நம்பியது மூன்றரை ஆண்டாக நீள்கிறது. கடைசி ஆண்டில் பணம் போதாமல் படிப்பு பாதியில் நிற்பதும் உண்டு. இதற்கான காரணத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் அது முதல் பருவத்தில் பாடங்களைப் பதிவு செய்த அந்த இரண்டு வாரங்களில் போய் நிற்கும்.

டிப்ளோமாவும் பட்டமும் ஒன்றா?

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் உயர்கல்வித் தகுதிகளை நிர்ணயிப்பது எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம். 2007-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. அதன் படிநிலைப் பட்டியலில் டிப்ளோமா நான்காம் நிலையில் இருக்கிறது. உயர் டிப்ளோமா ஐந்தாம் நிலை. இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட் தேவை. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை.

இந்தப் படிநிலை ஏன் முக்கியம்? டிப்ளோமா என்பது வேலைக்குத் தயார் செய்யும் படிப்பு. 1969-இல் ஈப்போவில் தொடங்கப்பட்ட உங்கு ஒமார் போலிடெக்னிக் முதற்கொண்டு, அந்தக் கல்விக்கூடங்களின் நோக்கமே கைத்திறன் உள்ள தொழில்நுட்பப் பணியாளர்களை உருவாக்குவதுதான். நானும் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். எங்களுக்குக் கேமராவைக் கையில் கொடுத்துப் பழக்கினார்கள், செய்தி எழுதவும் வாசிக்கவும் பழக்கினார்கள். அதே துறையின் பட்டப் படிப்பிலோ, அந்தச் செய்தி மக்களை எப்படிப் பாதிக்கிறது, அதை எந்த முறையில் ஆராய்வது என்று கேட்கிறார்கள். பாடத்தின் பெயர் ஒன்றாக இருக்கும், கேள்வி வேறாக இருக்கும்.

விலக்கு எப்படிக் கிடைக்கிறது?

"டிப்ளோமாவில் 90 கிரெடிட் எடுத்துவிட்டான், இன்னும் 30-தானே பாக்கி?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அப்படிக் கழித்துப் பார்க்கும் கணக்கு இங்கே செல்லாது. பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுத்தான் விலக்கு தருவார்கள்.

பொதுவாக மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். டிப்ளோமா படிப்பு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றதா? அந்தப் பாடத்தில் மாணவர் குறைந்தது 'சி' தேர்ச்சி பெற்றாரா? டிப்ளோமா பாடத்தின் உள்ளடக்கம் பட்டப் படிப்பின் பாடத்தோடு குறைந்தது 80 விழுக்காடு ஒத்துப்போகிறதா? இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான். மூன்றும் சரியாக இருந்தாலும், மொத்தம் எத்தனை கிரெடிட்டை ஏற்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கும். பொறியியல், கணக்கியல் போன்ற தொழில்முறைப் படிப்புகளில் அந்தந்தத் தொழில் மன்றங்களின் நிபந்தனைகளும் சேர்ந்துகொள்ளும்.

பொதுப் பாடங்களிலும் ஏமாந்துவிடக் கூடாது. டிப்ளோமாவில் பொதுப் பாடங்களைப் படித்துவிட்டோம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பட்டப் படிப்புக்கென்று தனியாக 'பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான்', 'ஃபல்சாஃபா டான் இசு செமாசா' போன்ற பாடங்கள் இருக்கின்றன. டிப்ளோமாவில் எடுத்த பொதுப் பாடம் இவற்றுக்கு ஈடாகாது.

பழைய கல்லூரியை விட்டுக் கிளம்புமுன்

உள்ளடக்கம் 80 விழுக்காடு ஒத்துப்போகிறதா என்பதை எதை வைத்துப் பார்ப்பார்கள்? பாடத்திட்ட விவரத்தை வைத்துத்தான். மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயரும் கிரேடும் மட்டுமே இருக்கும். அந்தப் பாடத்தில் எந்தெந்தத் தலைப்பு, எத்தனை மணி நேரம், என்னென்ன மதிப்பீடு என்ற விவரம் வேறு தாளில் இருக்கும். சிலபஸ் என்று சொல்கிறோமே, அதுதான்.

ஆகவே தம்பி தங்கைகளே, டிப்ளோமா படித்த இடத்தை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த ஆண்டின் சிலபஸாக இருக்க வேண்டும், ஏனென்றால் பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருக்கும். கூடவே உறுதிப்படுத்தப்பட்ட மதிப்பெண் பட்டியல், டிப்ளோமா சான்றிதழ், எஸ்.பி.எம். சான்றிதழ் ஆகியவற்றையும் தயாராக வையுங்கள். சில தனியார் கல்லூரிகள் பிற்பாடு மூடப்பட்டுவிடுகின்றன. அப்போது யாரிடம் போய்க் கேட்பது?

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யு.பி.யு. வழி விண்ணப்பிப்பவர்கள், எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு இணையான தகுதி உள்ளவர்களுக்கான பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். மூயெட் ஆங்கிலத் தேர்வு முடிவு கையில் இருக்க வேண்டும். டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தில் தொழிற்பயிற்சிக்குப் போய்விட்டு, மூயெட் எழுதும் நாளைத் தவறவிடுபவர்கள் உண்டு. அதை முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது.

தனியார் பல்கலைக்கழகம் என்றால், அந்தப் பட்டப் படிப்பின் பெயரை எம்.கியூ.ஏ. இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரே அங்கு இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டில் முடியுமா?

இப்போது குடும்பங்கள் அதிகம் ஏமாறும் கணக்குக்கு வருவோம். புரிந்துகொள்வதற்காக ஓர் உதாரணம். பட்டத்துக்கு 120 கிரெடிட். உங்களுக்கு 24 கிரெடிட் விலக்கு கிடைத்துவிட்டது. மீதம் 96. ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டில் நான்கு பருவம். 96-ஐ நான்கால் வகுத்தால் பருவத்துக்கு 24 கிரெடிட், அதாவது எட்டுப் பாடங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சாதாரணமாக இதற்கு அனுமதி தருவதில்லை. தந்தாலும் தாங்க முடியாது. பருவத்துக்கு 16 கிரெடிட் என்றால் ஆறு பருவம், மூன்று ஆண்டு ஆகிவிடும். இடையில் குறும்பருவம் நடத்தும் பல்கலைக்கழகங்களில் இது சற்றுக் குறையும். ஆனால் குறும்பருவத்தில் எல்லாப் பாடங்களும் நடத்தப்படுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் முன்நிபந்தனைப் பாடம். ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றால்தான் அடுத்த பாடத்தை எடுக்க முடியும் என்ற விதி இது. கணினித் துறையை எடுத்துக்கொள்வோம். நிரலாக்கத்தின் அடிப்படைக்குப் பிறகு தரவுக் கட்டமைப்பு, அதற்குப் பிறகு மேல்நிலைப் பாடம், அதற்குப் பிறகு இறுதியாண்டுத் திட்டப்பணி என்று சங்கிலிபோல் போகும். டிப்ளோமா மாணவருக்கு அடிப்படைப் பாடத்தில் விலக்கு கிடைக்கிறது. அவர் முதல் பருவத்திலேயே தரவுக் கட்டமைப்பை எடுத்திருக்கலாம். ஆனால் விலக்குக் கடிதம் வந்து சேர ஆறு வாரம் ஆகிறது. அதற்குள் பாடப் பதிவு முடிந்துவிட்டது. காலியாக இருந்த இடத்தில் விருப்பப் பாடத்தையும் பொதுப் பாடத்தையும் போட்டு நிரப்பிவிட்டார். அந்தத் தரவுக் கட்டமைப்புப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படுகிறது என்றால், அவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். சங்கிலி முழுவதும் ஓர் ஆண்டு தள்ளிப் போய்விடுகிறது. விலக்குக் கிடைத்தும் பயனில்லை.

இதற்கு என்ன செய்யலாம்? விலக்குக்கான விண்ணப்பத்தைப் பதிவு நாளன்றே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் சேருவதற்கு முன்பே முடிவைக் கேட்டு எழுத்துப்பூர்வமாக வாங்குங்கள். "எல்லாம் கிடைக்கும், நீங்கள் பணம் கட்டுங்கள்" என்று மாணவர் சேர்ப்புப் பிரிவினர் வாய்மொழியாகச் சொல்வதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். அந்த முடிவை எடுப்பது துறையும் புலமும்தான். பிறகு, உங்களுக்கு நியமிக்கப்பட்ட கல்வி ஆலோசகரான விரிவுரையாளரைப் போய்ப் பாருங்கள். இந்தப் பருவப் பட்டியலை மட்டும் காட்டாமல், பட்டம் முடியும் வரைக்கும் உள்ள எல்லாப் பருவங்களையும் ஒரே தாளில் போட்டுக் காட்டுங்கள். எது எதற்கு முன்நிபந்தனை, எது எந்தப் பருவத்தில் மட்டும் வருகிறது என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுப் பாடங்களும் விருப்பப் பாடங்களும் பிறகும் கிடைக்கும். சங்கிலியில் உள்ள பாடம் முதலில். பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் பருவத் தொடக்கத்தில் சிறிது காலம் தருவார்கள். பல இடங்களில் அது முதல் இரண்டு வாரம்தான். அந்தத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கிடைக்கும் விலக்கையெல்லாம் வாங்க வேண்டுமா?

இது பலர் கேட்காத கேள்வி. வேண்டும் என்பதில்லை. உதாரணத்துக்குக் கணிதம். டிப்ளோமாவில் கணிதத்தில் 'சி' எடுத்துத் தேறியவருக்கு முதலாம் ஆண்டுக் கணிதத்தில் விலக்கு கிடைக்கலாம். ஆனால் அடுத்து வரும் பாடம் அந்த முதலாம் ஆண்டுக் கணிதத்தின் மீதுதான் கட்டப்பட்டிருக்கும். அடித்தளம் ஆடினால் மேல்மாடி நிற்குமா? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தில் விலக்கு வாங்குங்கள். தட்டுத்தடுமாறித் தேறிய பாடம், அதுவும் அடுத்த பாடங்களுக்கு அடிப்படையான பாடம் என்றால், மறுபடி படிப்பதே லாபம்.

இதில் மதிப்பெண் சராசரியும் இருக்கிறது. சி.ஜி.பி.ஏ. என்கிறோமே, அது பல இடங்களில் புதிதாகவே தொடங்கும். டிப்ளோமாவில் 3.80 எடுத்தவரும் 2.50 எடுத்தவரும் முதல் நாளில் ஒரே கோட்டில்தான் நிற்பார்கள். விலக்குப் பெற்ற பாடங்களுக்குக் கிரேடு சேராமல் கிரெடிட் மட்டும் சேரும் முறையும் உண்டு. அப்படியானால், நீங்கள் எடுக்கும் பாடங்கள் குறைவு, ஒவ்வொன்றின் எடையும் அதிகம். முதல் பருவத்தில் தலா மூன்று கிரெடிட் கொண்ட நான்கு பாடங்கள் எடுத்து, மூன்றில் 'சி' வாங்கி ஒன்றில் தோற்றால் சராசரி 1.50. பொதுவாக 2.00-க்குக் கீழே போனால் எச்சரிக்கை நிலைதான். விலக்கு கிடைக்கும் பாடம் உங்களுக்குச் சுலபமானது என்றால், அதை எடுத்து நல்ல கிரேடு வாங்குவதா, விட்டுவிட்டுக் காலத்தை மிச்சப்படுத்துவதா என்பதை ஆலோசகருடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

பணக் கணக்கு

பி.டி.பி.டி.என். கடன் வாங்கி டிப்ளோமா படித்தவர்கள் இரண்டு காரியங்களை மறக்கக் கூடாது. ஒன்று, மேற்கல்வி தொடர்வதால் பழைய கடனைத் திருப்பிச் செலுத்துவதைத் தள்ளிவைக்கும்படி நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த செய்தி தானாகப் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு, பட்டப் படிப்புக்கான கடன் புதிய விண்ணப்பம். எத்தனை பருவத்துக்குத் தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடன் பணம் பகுதி பகுதியாக வருகிறது. தேர்வு முடிவும் அதற்குப் பார்க்கப்படுகிறது. முதல் பருவத்தில் சறுக்கினால் அடுத்த பருவப் பணத்துக்கே சிக்கல் வரலாம்.

விலக்கினால் பாடங்கள் மிகவும் குறைந்துபோய், முழுநேர மாணவருக்கான குறைந்தபட்ச கிரெடிட்டுக்குக் கீழே போய்விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் பல்கலைக்கழகத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. விலக்குப் பெற்ற பாடத்துக்குக் கட்டணம் முழுவதும் கழிக்கப்படுமா, அல்லது அதற்கும் ஒரு தொகை கட்ட வேண்டுமா? பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

முதல் பருவத் தடுமாற்றம்

அமெரிக்காவில் ஈராண்டுக் கல்லூரியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது நெடுநாள் வழக்கம. அப்படி மாறும் மாணவர்களின் மதிப்பெண் முதல் பருவத்தில் சரிவதைப் பற்றி 1965-இல் ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். அதற்கு 'மாற்ற அதிர்ச்சி' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். பலர் அதன்பின் மீண்டு வருகிறார்கள் என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆக, முதல் பருவத்தில் தடுமாறுவது அறிவுக் குறைவு அல்ல. இடம் மாறிய செடி சில நாள் வாடுவது போலத்தான்.

வாட்டத்துக்குக் காரணம் என்ன? பெரும்பாலும் நேரம். எம்.கியூ.ஏ. கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் 40 மணி நேரம் செலவிட்டுக் கற்பது. 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம். தேர்வு வாரங்களையும் சேர்த்து ஒரு பருவம் 17 வாரம் என்றால், வாரத்துக்குச் சுமார் 35 மணி நேரம். வகுப்பில் உட்காரும் நேரம் அதில் ஒரு பகுதிதான். மற்றது நீங்களாகப் படிப்பது. டிப்ளோமாவில் பட்டறையிலும் ஆய்வகத்திலும் ஆசிரியர் கூடவே நின்று சொல்லித் தருவார். இங்கே விரிவுரையாளர் நூலகப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். "வகுப்பு குறைவாகத்தான் இருக்கிறது, பகுதி நேர வேலைக்குப் போகலாம்" என்று உணவு விநியோகத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும் தம்பிமார்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரம் 20 மணி நேரம் வேலை செய்தால் மொத்தம் 55 மணி நேரம் ஆகிவிடும். குடும்பச் சூழ்நிலையால் வேலை செய்தே ஆக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதல் பருவத்தில் மட்டுமாவது நேரத்தைக் குறைத்துக்கொள்ள வழி தேட வேண்டும்.

அடுத்தது தனிமை. நீங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காரும்போது மற்றவர்கள் ஏற்கெனவே குழுக்களாகச் சேர்ந்திருப்பார்கள். குழு வேலைக்கு யாரும் கூப்பிடாமல் கடைசி வரிசையில் ஒதுங்கிவிடாதீர்கள். அறிமுக வாரம் உங்களுக்குத் தேவையில்லை என்று யாராவது சொன்னாலும் போய் வாருங்கள். நூலகத்தைப் பயன்படுத்துவதும், கட்டுரையில் பிறர் கருத்தை எடுத்தாளும்போது பெயர் குறிப்பிடுவதும் அங்கேதான் தொடங்கும். முன்பு இதே வழியில் வந்த அண்ணன் அக்காமார்கள் நிச்சயம் இருப்பார்கள். தமிழ்ச் சங்கத்திலோ இந்து சங்கத்திலோ விசாரித்தால் தெரிந்துவிடும். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் வராது என்பது அறிவிப்புப் பலகையைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெற்றோர்களே, "இன்னும் எத்தனை வருடம்?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைப் படிப்பு தொடங்குமுன் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு ஆண்டில் முடித்தது உங்கள் பிள்ளைக்கு அளவுகோல் ஆகாது. துறை வேறு, விலக்கு வேறு. முதல் பருவ முடிவு கொஞ்சம் இறங்கி வந்தால் "மூன்று வருடம் படித்தும் இதுதானா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பாடம், என்ன காரணம், ஆலோசகரைப் பார்த்தாயா என்று கேளுங்கள்.

பதிவுக்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. எந்தெந்தப் பாடத்துக்கு விலக்கு, எத்தனை கிரெடிட், அதற்கான கடிதம் எப்போது வரும்?

2. மீதமுள்ள பாடங்களைப் பருவ வாரியாகப் பிரித்தால் பட்டம் முடிய எத்தனை பருவம் ஆகும்?

3. முன்நிபந்தனையான பாடங்கள் எவை, அவற்றில் எவை ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடத்தப்படுகின்றன?

4. விலக்குப் பெற்ற பாடம் சி.ஜி.பி.ஏ. கணக்கில் சேருமா, சேராதா?

5. மொத்தக் கட்டணம் எவ்வளவு, கடன் எத்தனை பருவத்துக்கு?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். இந்த ஐந்துக்கும் பதில் கையில் இருந்தால் ஆழம் தெரிந்துவிடும். பிறகு தைரியமாக இறங்கலாம். டிப்ளோமா வரை வந்த பிள்ளைக்குப் பட்டம் வாங்கும் திறமை இருக்கிறது. கால அட்டவணை காரணமாக அந்தத் திறமை பாதி வழியில் நின்றுவிடக் கூடாது.

புதிய பருவத்தில் காலடி வைக்கும் எல்லாத் தம்பி தங்கைகளுக்கும் வாழ்த்துகள். மீண்டும் அடுத்த வாரம் வேறொரு பொருளோடு சந்திப்போம்.